'செட்டிங் யுவர் கேப் அட் ஹிம்': தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி:
வணக்கம். ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) நாவலை மொழிபெயர்த்துவருகிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். மழையில் கால் பிசகி விழுந்த நாயகி மரியானை வில்லோபி என்ற இளைஞன் தூக்கிவந்து வீடு சேர்க்கிறான். பிறகு அவனைப் பற்றிப் பேச்சு வரும்போது அவள் குடும்பத்தின் உறவினரான சர் ஜான் அவளிடம், 'யூ வில் பி செட்டிங் யுவர் கேப் அட் ஹிம் நவ்' என்கிறார். 'இனி உன் தொப்பியை அவன் பக்கம் திருப்புவாய்' என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வீட்டுக்குள் இருப்பவளுக்கு எதற்குத் தொப்பி?" என்றார். 'அவனைக் காதலிக்கத் தொடங்குவாய்' என்று மாற்றிவிடலாமா?

பதில்:
வேண்டாம். காதல் தானாக வருவது. இது திட்டமிட்டுச் செய்வது. ஒருவனைக் கணவனாக்கிக்கொள்ள ஒரு பெண் முனைந்து முயல்வதைத்தான் இப்படிச் சொன்னார்கள். ஆணைப் பற்றிச் சொல்வது அரிது. அக்காலப் பெண்கள் வீட்டுக்குள்ளும் மெல்லிய துணித் தொப்பி அணிவார்கள், அம்மாவிடம் சொல்லுங்கள். தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலிலும் பெக்கி ஷார்ப் என்ற பெண்ணைக் குறித்து ஜோஸ் என்பவனை அவன் தந்தை இதே சொற்களால்தான் எச்சரிக்கிறார். 'வலை வீசுதல்' பொருந்தும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. ஆனால் அடுத்த வரியிலேயே மரியான் சீறுகிறாளே! 'வலை வீசுவாய்' என்றால் அவ்வளவு கோபம் வருமா?

மற்றொரு பதில்:
சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். அவள் வெட்கப்பட்டுச் சீறவில்லை. அந்தச் சொற்றொடரையே வெறுக்கிறாள். அது கொச்சையானது, ஒரு காலத்தில் சாமர்த்தியமாக இருந்திருந்தாலும் தேய்ந்துபோய்விட்டது என்கிறாள். ஆகவே தமிழிலும் தேய்ந்த, சற்றே கொச்சையான சொல் வேண்டும். அழகான சொல்லைப் போட்டால் அவள் கோபத்துக்குக் காரணமே இருக்காது. 'வலை வீசுதல்' என்றதும் நாளிதழ் படிப்பவருக்குப் போலீஸ்தான் நினைவுக்கு வரும். கல்யாண வீடுகளில் "அந்தப் பையனை வளைத்துப் போட்டுவிட்டாள்" என்று காதோடு காதாகப் பேசுவார்களே, அதுதான் இது. 'இனி இவனை வளைத்துப் போடப் பார்ப்பாய். பாவம், பிராண்டனை நினைக்கவே மாட்டாய்' என்று எழுதிப் பாருங்கள். (பிராண்டன், மரியானை விரும்பும் கர்னல்.) அவள் கண்டித்தது சர் ஜானுக்குச் சரியாகப் புரியாது, ஆனாலும் புரிந்தவர் போல வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பையும் விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
அப்படியே எழுதி அம்மாவிடம் மீண்டும் படித்தேன். மரியானின் பதிலுக்கு நான் போவதற்குள் அம்மா நிறுத்தச் சொன்னார். "வயதுப் பெண்ணிடம் இப்படியா பேசுவார் அந்த மனிதர்?"