பனிக்கரடி எப்போ தனியா பிரிஞ்சுச்சு? ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்களே

வெட்டிப்பேச்சு:
நேத்து நைட்டு ரூம்மேட்டோட ரெண்டு மணி வரைக்கும் சண்டை. பனிக்கரடி பழுப்புக் கரடிக்குப் பங்காளின்னு தெரியும், ஆனா எப்போ பிரிஞ்சுச்சுன்னு தேடினா ஒரு இடத்துல 1.5 லட்சம் வருஷம், இன்னொண்ணுல 6 லட்சம், வேற ஒண்ணுல 40 லட்சத்துக்கும் மேலன்னு போட்டிருக்கு. இதுல எதை நம்புறது? ரூம்மேட் என்னடான்னா "அவ்ளோ பழசுன்னா நடுவுல எத்தனையோ தடவை பூமி சூடாகியிருக்கும், அப்போ தப்பிச்சது இப்பவும் தப்பிச்சுக்கும், நீ ஏன் கவலைப்படுற"ங்குறான். பதில் சொல்ல வரல.

அரைக்கிறுக்கன்:
எல்லாருமே டிஎன்ஏவைத்தான் பார்த்தாங்க ப்ரோ, ஆனா வேற வேற பாகத்தைப் பார்த்தாங்க. 2004ல நார்வேக்கு வடக்க ஆர்க்டிக் கடல்ல இருக்குற ஸ்வால்பார்ட் தீவுல ஒரு பனிக்கரடியோட தாடை எலும்பு கிடைச்சுது, 1.1 லட்சத்துலேருந்து 1.3 லட்சம் வருஷம் பழசு. அதோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படிச்சு 2010ல வந்ததுதான் அந்த 1.5 லட்சம். மைட்டோகாண்ட்ரியாங்குறது செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற குட்டி பாகம், அதுக்குன்னு தனி டிஎன்ஏ இருக்கு, அது அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும். பாட்டி அம்மாவுக்குக் குடுத்து அம்மா மகளுக்குக் குடுத்த பித்தளை அண்டா மாதிரின்னு வச்சுக்கோ, அண்டாவோட வயசை வச்சு வீடு எப்போ கட்டுனதுன்னு சொல்ல முடியுமா? 2012ல செல்லோட உட்கரு டிஎன்ஏவைப் பார்த்தவங்க 6 லட்சம்னாங்க, அதே வருஷம் இன்னொரு டீம் 40-50 லட்சம்னுச்சு. 2014ல ஜீனோமை, அதாவது மொத்த டிஎன்ஏவையும், ஒப்பிட்டப்போ 3.43 லட்சத்துலேருந்து 4.79 லட்சம்னு வந்துச்சு. என்னைக் கேட்டா சில லட்சம் வருஷம்ங்குறதுதான் நம்புற மாதிரி இருக்கு, 40 லட்சம் ரொம்ப ஓவர்.

கரடிப்பாட்டி:
மேல தம்பி சொன்னது சரி, ஆனா சுவாரசியமான பாதியை விட்டுட்டார். அலாஸ்கா பக்கம் அட்மிரால்டி, பாரனாஃப், சிச்சகாஃப்னு மூணு தீவு இருக்கு, அங்க இருக்குற பழுப்புக் கரடிங்களோட அம்மாவழி டிஎன்ஏ மத்த பழுப்புக் கரடிங்களை விட பனிக்கரடிக்குத்தான் கிட்ட. அதனால பனிக்கரடியே அங்கேருந்துதான் வந்துச்சுன்னு ரொம்ப நாள் நினைச்சாங்க. 2013ல அதையே திருப்பிப் போட்டுட்டாங்க! பனியுகம் முடிஞ்சு ஐஸ் பின்வாங்கினப்போ பனிக்கரடிங்க அங்க மாட்டிக்கிச்சு, கரையிலேருந்து ஆண் பழுப்புக் கரடிங்க நீந்தி வந்து தலைமுறை தலைமுறையா கலந்து கலந்து அதுங்களைப் பழுப்பாவே மாத்திடுச்சுன்னாங்க. கரடியில வீட்டை விட்டு தூரமா போறது ஆம்பளைப் பசங்கதான், பொண்ணுங்க அம்மா இடத்துக்குப் பக்கத்துலயே இருந்துக்கும். அதனாலதான் அம்மாவழி டிஎன்ஏ மட்டும் பனிக்கரடியோடதாவே நின்னுடுச்சு.

இப்பவும் கலக்குது. 2006ல கனடாவுல பேங்க்ஸ் தீவு பக்கம் சுட்ட ஒரு கரடி ரெண்டும் கலந்ததுன்னு டெஸ்ட்ல தெரிஞ்சுது. அப்புறமும் சிலது கிடைச்சு, 2017ல பார்த்தா தெரிஞ்ச எட்டுமே ஒரே ஒரு பெண் பனிக்கரடியோட வாரிசுங்களாம் 😄

குளிர்பெட்டி:
ரூம்மேட்டுக்கு நான் சொல்றேன். தப்பிச்சது உண்மை, எப்படி தப்பிச்சதுங்குறதுதான் விஷயம். இதுங்க சாப்பாடே சீல்ங்குற கடல்நாயோட கொழுப்பு, குட்டி குடிக்கிற பால்ல மூணுல ஒரு பங்கு கொழுப்பு. நாம இப்படித் தின்னா ரத்தக்குழாய் அடைச்சுக்கும். ரத்தத்துல கொழுப்பைக் கையாளுற ஏபிஓபிங்குற ஜீன் இதுங்ககிட்ட நல்லா மாறியிருக்குன்னு அந்த 2014 ஆய்வுலயே இருக்கு. அதெல்லாம் ஆயிரக்கணக்கான தலைமுறையில வந்த மாற்றம். இப்ப ஐஸ் உருகுறது ஒரு கரடியோட ஆயுசுக்குள்ளயே தெரியுது, ஜீன் அந்த ஸ்பீடுக்கு ஓடுமா?

"கரையில வேற எதையாவது தின்னுக்கும்"னு அடுத்து சொல்வான் பாருங்க. கனடாவுல மேற்கு ஹட்சன் விரிகுடாவுல கோடையில ஐஸ் இல்லாதப்போ 20 கரடிக்குக் கழுத்துல கேமரா மாட்டிப் பார்த்தாங்க, 2024ல ரிசல்ட் வந்துச்சு. பழம், புல்லு, செத்த பறவைன்னு என்னென்னமோ தின்னுச்சு, சிலது சும்மா படுத்தே கிடந்துச்சு, என்ன பண்ணியும் 19 கரடி இளைச்சுப் போச்சு, சராசரியா ஒரு நாளைக்கு 1 கிலோ.

வெட்டிப்பேச்சு:
நன்றி மக்களே, அண்டா உதாரணம் சூப்பர். ரூம்மேட்கிட்ட காட்டினேன். "அந்த ஒரு கரடி மட்டும் இளைக்கலல்ல, அதோட வாரிசு பொழைச்சுக்கும்"ங்குறான். இவனை என்ன பண்றது?

கரடிப்பாட்டி:
கோடை முழுக்க பழமும் புல்லும் மட்டும் போடுங்க.