சாரல் வந்ததும் இறுகிப்போன மடக்குக் கத்தி: மரப்பிடியை மறுபடி கழற்ற வேண்டுமா?

செங்கோட்டைப் பையன்:

வணக்கம். அப்பா முப்பது வருஷம் வேட்டி மடிப்பில் வைத்திருந்த மடக்குக் கத்தி இது. வாழை இலை அறுப்பதும் கொட்டைப்பாக்கு பிளப்பதும் இதில்தான். சித்திரையில் அதன் பிளாஸ்டிக் பிடி நொறுங்கிவிட்டது. புதிதாக வாங்க மனம் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பழைய கதவில் மிஞ்சிய பலாப்பலகை ஒன்று இருந்தது. 1956 நவம்பரில் செங்கோட்டை இந்தப் பக்கம் சேர்வதற்கு முன்னால், திருவிதாங்கூர் காலத்தில் தாத்தா போட்ட கதவு. அதிலிருந்து 4 மி.மீ. கனத்தில் இரண்டு துண்டு அறுத்து, பித்தளை உள்தகட்டின் மேல் ஐந்து நிமிஷப் பசையால் ஒட்டினேன். 3 மி.மீ. பித்தளைக் கம்பியை அலகு, தகடு, மரம் எல்லாவற்றுக்கும் ஊடே விட்டு, இரண்டு முனையையும் சுத்தியால் தட்டி ரிவிட் அடித்தேன். உப்புத்தாளில் 120, 240, 400 என்று தேய்த்து, மேலே தேங்காய் எண்ணெய். வெயில் காலம் முழுக்கக் கட்டைவிரல் நகத்தால் திறந்தது.

ஆனியில் சாரல் பிடித்த பிறகு அலகு அசையவே மறுக்கிறது. நேற்று நகம் பிளந்து ரத்தம் வந்துவிட்டது. இடதுபக்க மரம் முன்முனையில் தகட்டை விட்டு லேசாக எழும்பியும் இருக்கிறது. உள்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் சரியாகுமா?

புனலூர்வாசி:

இங்கேயும் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் கதவு, ஜன்னல், மேசை இழுப்பறை எல்லாம் இறுகிவிடும். பலாவை விட்டுவிட்டுத் தேக்கில் செய்யுங்கள், அது அவ்வளவாக அசையாது. ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைக்க மறக்காதீர்கள். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது.

செங்கோட்டைப் பையன்:

நன்றி. ஆனால் அந்தக் கதவு மரம்தான் வேண்டும் என்பது என் ஆசை. எழுபது வருஷத்துக்கு மேல் காய்ந்த மரம் இன்னுமா ஊதும்?

மரத்தூள்:

ஊதும் தம்பி. மரத்துக்கு வயதானாலும் காற்றில் ஈரம் ஏறினால் குடிக்கும், வறண்டால் கக்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, குறுக்குவாக்கில்தான் அசையும்.

இப்போது உங்கள் ரிவிட்டைப் பாருங்கள். அதன் தலை மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மரம் ஊதினாலும் ரிவிட் நீளாது. அப்போது மரம் தகட்டை உள்ளே தள்ளும், தகடு அலகைக் கவ்வும். 4 மி.மீ. மரம் நூற்றுக்கு இரண்டு பங்கு ஊதினாலே 0.08 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.16. சாதாரண எழுதும் தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மி.மீ. ரிவிட் அடிக்கும்போது அலகுக்குப் பக்கத்தில் ஒரு தாள் இடைவெளி விட்டிருந்தாலும் அதை மரம் தின்றுவிட்டது. உள்பக்கம் தேய்த்தால் மரம் மெலியும், வெயிலில் கத்தி ஆடும். அந்த வேலை வேண்டாம்.

முதலில் காரணம் இதுதானா என்று பாருங்கள். மாத்திரை டப்பா, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் கத்தியோடு நாலைந்து நாள் வையுங்கள். இளகினால் ஈரம்தான். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், மரம் வெடிக்கும்.

செங்கோட்டைப் பையன்:

நாலாம் நாளே இளகிவிட்டது, அண்ணாச்சி! பழையபடி நகத்தால் திறக்கிறது. அப்புறம் என்ன செய்ய?

மரத்தூள்:

வேலையின் வரிசையை மாற்றுங்கள். முதலில் தகடு, அலகு, ரிவிட். மரம் கடைசி.

அலகின் விளிம்பில் தடிமனாக டேப் சுற்றிவிட்டு, வைஸில் பிடித்து, ரிவிட் தலையை டிரில்லால் குடைந்து எடுங்கள். ஹேர் டிரையர் சூட்டில் பசை இளகும், மரம் தானாகக் கழன்று வரும். எண்ணெயில் நனைத்த தாளை அலகுக்கும் தகட்டுக்கும் நடுவில் சொருகி, ரிவிட் தலை பித்தளைத் தகட்டின் மேலேயே உட்காரும்படி தட்டுங்கள். பிறகு தாளை உருவிவிடுங்கள். மரத்தில் அந்த இடத்தில் 7 மி.மீ. துளை போட்டால் ரிவிட் தலை அதற்குள் சும்மா நிற்கும். மரம் எவ்வளவு ஊதினாலும் அலகைத் தொடாது.

முனை எழும்பியதற்குத் தேங்காய் எண்ணெய் இடுக்கில் இறங்கியது காரணமாக இருக்கலாம். மரத்தையும் தகட்டையும் அசிட்டோனால் துடைத்து, தகட்டை 80 உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். 24 மணி நேரம் எடுக்கும் பசையைப் போடுங்கள். கிளாம்பை ரொம்ப இறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே போய்விடும். ரிவிட்டைச் சுற்றி மெழுகு தடவிக்கொண்டால் பசை அங்கே ஏறாது. டப்பாவிலிருந்து எடுத்த உடனே ஒட்டாதீர்கள், மரம் இரண்டு நாள் வீட்டுக் காற்றில் இருக்கட்டும்.

மேல்பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு நாற்றம் வரும். அரக்குப் பாலிஷ் நாலு கை மெல்லிசாகக் கொடுங்கள். வெட்டுமுனைகளுக்கு இன்னும் இரண்டு கை கூட. மரம் அங்கேதான் அதிகம் குடிக்கும்.

செங்கோட்டைப் பையன்:

பத்து நாள் ஆயிற்று. நீங்கள் சொன்னது சரி. கழற்றியபோது முன்முனையில் பசை மரத்தைப் பிடிக்கவே இல்லை, கண்ணாடித்தாள் மாதிரி உரிந்து வந்தது. அந்த இடம் எண்ணெயில் கறுத்திருந்தது. துடைத்துத் துடைத்து மூன்று துணி போயிற்று.

ரிவிட்டை இரண்டாவது தடவைதான் சரியாக அடித்தேன். முதல் தடவை அலகு ஆடியது. இப்போது துளைக்குள் பித்தளை ஒரு பொட்டு போலத் தெரிகிறது. அதைச் சுற்றிப் பலாவின் மஞ்சள் பழுப்பேறி வருகிறது.

மூன்று நாளாகச் சாரல் விடவில்லை. வாசல் கதவு தாழ்ப்பாள் போட முடியாமல் ஊதி நிற்கிறது. அதே வீட்டு மரப்பிடி போட்ட கத்தி ஒற்றை நகத்துக்குத் திறந்து 'டக்' என்று நிற்கிறது. நேற்று ராத்திரி அம்மா கேட்டு வாங்கி, ஒரு கொட்டைப்பாக்கைப் பிளந்துவிட்டு, வேட்டி இல்லாததால் முந்தானையில் முடிந்துகொண்டாள்.