மெஷ்ஷா, நோடலா? எதில் தொடங்குவது?

மின்தேடி:
12 வோல்ட் பேட்டரி 2 ஓம் வழியாகவும், 6 வோல்ட் பேட்டரி 3 ஓம் வழியாகவும் ஒரே புள்ளிக்கு வருகின்றன. அங்கிருந்து கிரவுண்டுக்கு (வோல்டேஜ் பூஜ்யம் என்று வைக்கும் புள்ளி) 6 ஓம். இரண்டு பேட்டரியின் மைனஸும் கிரவுண்டில். 6 ஓமில் கரண்ட் எவ்வளவு? தேர்வில் மெஷ் (ஒவ்வொரு லூப்பிலும் ஓடும் கரண்டைக் கண்டுபிடிக்கும் முறை) போட்டேன், 0.67 ஆம்பியர் வந்தது. தவறாம். எந்த முறையில் தொடங்கியிருக்க வேண்டும்?

கணுவன்:
நோடல்தான் (வயர்கள் சேரும் புள்ளியின் வோல்டேஜைக் கண்டுபிடிக்கும் முறை), சந்தேகமே வேண்டாம். தெரியாதது அந்தப் புள்ளியின் வோல்டேஜ் வி மட்டும். (12−வி)/2 + (6−வி)/3 = வி/6. ஆறால் பெருக்கினால் 48 = 6வி, வி = 8. எட்டை ஆறால் வகுத்தால் 1.33 ஆம்பியர். இதற்குப் போய் எதற்கு இரண்டு சமன்பாடு? ஸ்பைஸ் போன்ற சர்க்யூட் மென்பொருள்களும் நோடலை விரிவாக்கித்தான் கணக்கிடுகின்றன.

வளையன்:
மென்பொருளுக்கு வசதியானது கையால் போடுபவருக்கும் வசதி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எல்லா லூப் கரண்டையும் கடிகாரத் திசையில் வையுங்கள், 12 வோல்ட் பக்கம் ஐ1, 6 வோல்ட் பக்கம் ஐ2:
8ஐ1 − 6ஐ2 = 12
−6ஐ1 + 9ஐ2 = −6
ஐ1 = 2, ஐ2 = 0.67. கழித்தால் அதே 1.33. கூடவே இன்னொன்றும் தெரிகிறது. ஐ2 அந்த 6 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸுக்குள் போகிறது, அதாவது அது சார்ஜ் ஆகிறது!

கணுவன்:
புள்ளியில் 8, பேட்டரியில் 6. அதிலேயே தெரிந்துவிடுகிறதே. தாளில் வயர்கள் குறுக்கே போகாமல் வரைய முடியாத சர்க்யூட்டில் உங்கள் மெஷ் நிற்காது.

வளையன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெசிஸ்டரே இல்லாமல் இரண்டு புள்ளிக்கு நடுவில் பேட்டரி வந்தால், நீங்கள் இரண்டு புள்ளியையும் சேர்த்து ஒரே சூப்பர்நோட் என்று சுற்றி வளைக்க வேண்டும். மெஷ்ஷில் அது சும்மா ஒரு எண்.

தெவெனின்பிரியை:
அந்த 6 ஓமை நாளை மாற்றினால் இருவருமே முதலிலிருந்து போட வேண்டும். அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: மிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரே பேட்டரி மாதிரி, முனைகளில் 9.6 வோல்ட், உள்ளே 1.2 ஓம். இனி அங்கே எந்த லோடு (மாட்டும் ரெசிஸ்டர்) வந்தாலும் ஒரே வகுத்தல். 4.8 ஓம் என்றால் 1.6 ஆம்பியர். சூப்பர்பொசிஷனிலும், அதாவது ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினாலும், அந்த 6 ஓமில் 6 + 2 = 8 வோல்ட் வரும். ஆனால் பவரை மட்டும் அப்படிக் கூட்டிவிடாதீர்கள். தனித்தனியாகக் கூட்டினால் 6.67 வாட், உண்மையில் 10.67.

மின்தேடி:
விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். வளையன் போட்ட அதே சமன்பாடுகள்தான், இரண்டாவதில் −6க்குப் பதில் +6 எழுதியிருக்கிறேன். ஐ1 = 4, ஐ2 = 3.33.

கணுவன்:
அந்த விடையை வைத்தே புள்ளியின் வோல்டேஜைப் பாருங்கள். 6 ஓம் வழியாக 4 வோல்ட் வருகிறது, 3 ஓம் பக்கமிருந்து 6 + 10 = 16. ஒரே புள்ளிக்கு இரண்டு வோல்டேஜ்! மெஷ்ஷே போடுங்கள், சரி. அப்புறம் இந்த ஒரு வரியையும் எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.