கரண்ட் மீட்டர் வெள்ளை அட்டையை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லலாமா?

கரும்பலகை:
அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒவ்வொரு கண்காட்சியிலும் அதே தெர்மாகோல் காற்றாலை, அதே பச்சை பெயின்ட் அடித்த உலக உருண்டை. பாதி அப்பா செய்தது, மீதி கடையில் வாங்கியது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றால் என்ன என்று கேட்டால் வரையறை பிசகாமல் வரும். ஒரு யூனிட் கரண்ட் எவ்வளவு என்று கேட்டால் வகுப்பே கப்சிப்.

போன மாதம் ஒரு பையனை மாடிப்படி ஏறச் சொன்னேன். எடை 36 கிலோ, மாடி 3 மீட்டர் உயரம். புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை ஏறினால் 1,080 ஜூல். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒரு மணி நேரத்தில் இழுக்கும் மின்சாரம், அதாவது 36 லட்சம் ஜூல். அப்படியானால் ஒரு யூனிட்டுக்கு 3,333 தடவை ஏற வேண்டும். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்போ எங்க வீட்டு அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரத்துல அத்தனை தடவை ஏறுதா சார்?" என்றான். இதற்குப் பிறகு சோலார் பேனலைப் பற்றிச் சொன்னால் காதில் விழும்.

அடுத்து, எல்லோரையும் யூனிட் கணக்கு எழுதும் வீட்டு மீட்டர் வெள்ளை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிடலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

ரெண்டு பிள்ளை அப்பா:
படிக்கட்டுக் கணக்கு அருமை. அட்டை மட்டும் வேண்டாம் சார். என் மகள் வகுப்பில் இதைச் செய்தார்கள். எல்லார் வீட்டு யூனிட்டும் போர்டில். ஒரு வீட்டில் 900, ஒரு வீட்டில் 60. அறுபது யூனிட் பிள்ளையை எழுப்பி, மின்சாரத்தைச் சேமிப்பதில் இவளைப் பாருங்கள் என்று கைதட்டச் சொன்னார்களாம். அவள் எங்கே சேமித்தாள்? வீட்டில் இருப்பதே ஒரு ஃபேன்தான். அன்றைக்கு அவள் சாப்பிடக்கூட இல்லை என்று என் மகள் வந்து சொன்னாள்.

இன்னொன்று. ஏசியை வாங்கியது நாம். அதன் குற்ற உணர்ச்சியை மட்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம்.

ஆரல்காரன்:
நான் ஆரல்வாய்மொழிப் பக்கம். பிறந்ததிலிருந்து முப்பந்தல் காற்றாலைகளைப் பார்க்கிறேன். 'காற்று இலவசம், மாசில்லாதது, தீராதது' என்று பாடம் படித்தேன். காற்று இலவசம்தான், சரி. ஆனால் ஆனி, ஆடியில் கணவாய் வழியாக ஆளைத் தள்ளுகிற காற்று, ஐப்பசியில் எங்கே போகிறது? காற்றின் வேகம் பாதியானால் அதில் உள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். பாதி இல்லை, எட்டில் ஒன்று! றெக்கை சும்மா நிற்கும் நாளில் யார் வீட்டு ஃபேனைச் சுற்ற வைப்பது? பெரும்பாலும் அனல் மின் நிலையம்தான். இதைச் சொல்லாத பாடம் விளம்பரம்.

கமுதியையும் சொல்லுங்கள். 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். ஏறக்குறைய 2,500 ஏக்கர். பேனலில் தூசி படிந்தால் உற்பத்தி குறையும் என்று துடைப்பதற்கே ரோபோ வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நிலம் எதற்கு என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.

பச்சை மிளகாய்:
ஆரல்காரரே, பதின்மூன்று வயசுப் பிள்ளையிடம் முதல் நாளே குறையை அடுக்கினால், 'எதுவுமே சரிவராது போல' என்று மூடி வைத்துவிடும். நான் பல வருடம் பள்ளிகளில் இருக்கும் தேசிய பசுமைப் படை மாணவர்களோடு இருந்தவள். முதலில் ஆசை வர வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. மிச்ச மின்சாரத்தை மின் வாரியத்துக்கே விற்றது. இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு பெண், 'எங்க ஊராட்சி வாங்குமா?' என்று கிராம சபையில் கேட்கப் போவதாகச் சொன்னாள். இது விளம்பரமா?

ரெண்டு பிள்ளை அப்பா:
மேடம், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991-இல். பசுமைப் படை 2001-இல் வந்தது. நீங்கள் ஒரு பெண்ணைச் சொல்கிறீர்கள். மற்றவர்கள்? என் மகனுக்கு 'மரம் நடுவோம்' கட்டுரை மனப்பாடம். போன வருடம் நட்ட கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டேன். விழிக்கிறான்.

பச்சை மிளகாய்:
கன்று காய்ந்தது லீவில். அதற்குப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். கோடை விடுமுறையில் பள்ளியைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போவது பெரியவர்கள்தானே?

ஆரல்காரன்:
அது நியாயம். ஓடந்துறைக் கதையையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காற்றாலை நிற்பது ஓடந்துறையில் இல்லை, உடுமலைப் பக்கம். அங்கே கரண்டை உண்டாக்கி இங்கே எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதே நல்ல பாடம். கிரிட் (மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்கம்பி வலை) என்றால் என்ன என்று அங்கிருந்து தொடங்கலாம்.

கரும்பலகை:
அப்பா சொன்னது உறுத்திவிட்டது. அறுபது யூனிட் வீட்டுப் பிள்ளைகள்தான் என் வகுப்பில் பாதி. அட்டை யோசனையைக் கைவிடுகிறேன். பள்ளி மீட்டரையே எடுத்துக்கொள்ளலாம்.

நேற்று என் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். மீட்டரில் 3200 என்று அச்சடித்திருக்கிறது. சிவப்பு விளக்கு அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,000 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு 53 தடவை மினுக்க வேண்டும். நான் எண்ணியது 51. வோல்டேஜ் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம், அல்லது என் கண். அப்புறம் 75 வாட் ஃபேன் மட்டும்: நிமிடத்துக்கு நான்கு. அடுத்த வாரம் எட்டாம் வகுப்பை மீட்டர் பெட்டி முன்னால் நிறுத்தி எண்ணச் சொல்லப் போகிறேன். ஆரல்காரரின் எட்டில் ஒன்று கணக்கு அதற்கு அடுத்த வகுப்புக்கு.

ரெண்டு பிள்ளை அப்பா:
இது பரீட்சைக்கு வருமா சார்? கேலி இல்லை. பெற்றோர் கூட்டத்தில் என்னிடமே கேட்பார்கள்.

கரும்பலகை:
வராது. ஆனால் அலகு மாற்றம் வரும், அதைச் சொல்லிச் சமாளிப்பேன். இப்போதைய கவலை வேறு. மீட்டர் பெட்டிக்குப் பூட்டு. சாவி தலைமையாசிரியர் அறையில் இல்லை, வாட்ச்மேனிடமும் இல்லையாம்.