கலைச்சொல் வேண்டும்: பச்சோந்திக்குக் கொடுக்கும் கரப்பானுக்கு என்ன பெயர்?

எழுதியவர்: லண்டன் தமிழ்ப் பள்ளி ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். எங்கட பள்ளி ஆண்டு மலருக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் தன் ஏமன் பச்சோந்தியைப் பற்றிக் கட்டுரை தந்திருக்கிறார். முதலில் சுவர்க்கோழி கொடுத்து வந்தவர், இப்ப துபியா கரப்பானுக்கு மாறிவிட்டார். சுவர்க்கோழி இரவெல்லாம் கத்துமாம், செத்தால் நாறுமாம், தப்பினால் சோபாவுக்குக் கீழே குடியேறுமாம். தின்னாமல் விட்டதுகள் நித்திரையாய் இருக்கும் பச்சோந்தியைக் கடிக்குமாம். துபியா கத்தாது, வழுவழுப்பான கண்ணாடியில் ஏறாது. நல்ல தமிழில் எழுதியிருக்கிறார். ஆனால் 'ஃபீடர் இன்செக்ட்' (வளர்ப்பு விலங்குக்கு உணவாய்க் கொடுக்கும் பூச்சி), 'ஃபீடர் ரோச்' (அப்படிக் கொடுக்கும் கரப்பான்), 'கட் லோடிங்' (கொடுக்க முதல் அந்தப் பூச்சியின் வயிற்றை நல்ல தீனியால் நிரப்புவது) மூன்றும் ஆங்கிலமாய் அப்படியே கிடக்கின்றன. ஞாயிறு மாலை மலர் அச்சுக்குப் போகுது. பிள்ளைகள் வாசித்தவுடனே விளங்க வேணும். உதவுங்கோ.

எழுதியவர்: கோவை, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

அம்மா, இதில் குழப்பமே வேண்டாம். இரைப்பூச்சி, இரைக்கரப்பான். ஒரு விலங்கு பிடித்துத் தின்பது இரை. நாற்பது ஆண்டுகளாக வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கூண்டில் இருந்தாலும் பச்சோந்தி நாக்கை நீட்டித்தான் பிடிக்கிறது. ஆகவே அது இரையேதான்.

ஒரு செய்தியையும் மலரில் சேர்த்துவிடுங்கள். நம் ஊரில் வேலி ஓரம் திரியும் இந்தியப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் ஆசைப்பட்டுவிடக் கூடாது.

எழுதியவர்: மதுரைத் தமிழாசிரியர்

ஐயா சொன்ன இரைக்கரப்பான் இலக்கணப்படி தவறில்லை. இரைக்கு ஆகும் கரப்பான் என்றும் விரிக்கலாம், இரையாகிய கரப்பான் என்றும் விரிக்கலாம். ஒரு தொகை பல பொருளாக விரிய நன்னூலார் இடம் கொடுக்கிறார். எப்படி விரித்தாலும் ஒற்று மிகும், அதில் சிக்கல் இல்லை.

ஆனால் என் மனம் வினைத்தொகையைத்தான் நாடுகிறது. குடிநீர் என்கிறோம். நீர் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது. உண்கலம் என்கிறோம். கலம் உண்பதில்லை. அதே வழியில் உண்கரப்பான். காலம் கரந்த பெயரெச்சம், ஏழே எழுத்து. கரப்பான் என்ற சொல்லே கரத்தல், அதாவது ஒளிதல் என்பதன் அடியாகப் பிறந்தது என்பது என் துணிபு. விளக்கைப் போட்டதும் ஓடி ஒளிகிற உயிருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியில் இருக்கிறது?

எழுதியவர்: சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

சார், உண்கரப்பான் என்றால் உண்பவர் நாம்தான் என்று தோன்றும். குடிநீரைக் குடிப்பது நாம், உண்கலத்தில் உண்பதும் நாம். மலரைப் புரட்டும் அம்மாக்கள் அந்தப் பக்கத்தோடு மூடிவிடுவார்கள். தீனிக் கரப்பான் என்று போடுங்கள். மாட்டுத் தீனி, கோழித் தீனி எல்லாருக்கும் தெரியும். அகராதி தேவையில்லாத சொல்தான் பிள்ளைகளுக்கான சொல்.

எழுதியவர்: மதுரைத் தமிழாசிரியர்

மாட்டுத் தீனி என்றால் மாட்டுக்கான தீனி. அந்தக் கணக்கில் உங்களுக்கு வேண்டியது பச்சோந்தித் தீனி. சொல்லை முன்னே தூக்கிவைத்தால், தீனிப்பண்டாரம் என்பது போல ஓயாமல் தின்கிற கரப்பான் என்று பொருள் வந்துவிடும். எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பொருள் பிறழ்ந்த எளிமையைப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும்.

எழுதியவர்: பர்மிங்காம், பச்சோந்தி வளர்ப்பவர்

இலக்கணத்தில் நான் தலையிடவில்லை. கையில் வைத்துப் பழகுகிறவன் என்ற முறையில் இரண்டு சொல்கிறேன்.

துபியாக்களுக்கு நாங்கள் காரட், கீரை, பூசணி கொடுக்கிறோம். பச்சோந்திக்கு வைப்பதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பு நல்ல தீனியாகப் போட்டு அவற்றின் வயிற்றை நிரப்புவதுதான் 'கட் லோடிங்' என்ற அந்த மூன்றாவது சொல். அதைக் கரப்பான் தீனி என்றுதான் வீட்டில் சொல்கிறோம். தீனிக் கரப்பான், கரப்பான் தீனி இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் பிள்ளைகள் மாற்றிப் படிப்பார்கள்.

அடுத்தது கட்டுரையைப் பற்றி. துபியா எல்லா வகையிலும் மேல் என்று எழுதியிருந்தால் திருத்துங்கள். பச்சோந்தியின் கண் அசைவைத் தேடும். சுவர்க்கோழி கிளையில் ஏறித் துள்ளும், உடனே நாக்கு பாயும். துபியா அசையாமல் படுத்துக்கொள்ளும், மண் இருந்தால் புதைந்துகொள்ளும். வழுவழுப்பான கிண்ணத்தில் போட்டு, கண்ணுக்கு நேரே தொங்கவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்து இரண்டிலுமே போதாது. கால்சியம் தூளில் புரட்டித்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எலும்பு மெலிந்து கால் வளைந்துவிடும். என் முதல் பச்சோந்தியை அப்படித்தான் இழந்தேன். அந்த ஒரு வரி கட்டுரையில் கட்டாயம் இருக்கட்டும்.

துபியா தப்பினால் வீடு முழுக்கப் பெருகிவிடுமே என்று பலர் பயப்படுவார்கள். அது தென் அமெரிக்க வெப்பத்துப் பூச்சி. குட்டி போட ஏறக்குறைய 30 டிகிரி சூடு வேண்டும். இங்குள்ள குளிர்ந்த வீட்டில் பெருகாது.

எழுதியவர்: கோவை, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

அருமையான விளக்கம் தம்பி. துபியா என்ற இலத்தீன் சொல்லுக்கு ஐயத்துக்குரியது என்று பொருள். ஐயக்கரப்பான் என்று தமிழாக்கினால் என்ன?

எழுதியவர்: சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

ஐயா, கடையில் போய் ஐயக்கரப்பான் கேட்டால் கிடைக்காது. துபியா துபியாவாகவே இருக்கட்டும், தயவுசெய்து.

எழுதியவர்: திருநெல்வேலி, சித்த மருத்துவர்

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கரப்பான் என்றாலே எங்களுக்குத் தோல் நோய். மண்டைக் கரப்பான், செங்கரப்பான், வறள் கரப்பான் என்று வகை வகையாக இருக்கிறது. முன்னால் ஒரு சொல்லை ஒட்டினால் அது இன்னொரு நோயின் பெயராகத்தான் எங்கள் காதில் விழும். அதிலும் கத்தரிக்காய், கருவாடு போன்றவற்றைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கச் சொல்கிறோம். உணவும் கரப்பானும் ஏற்கெனவே அங்கே சேர்ந்துவிட்டன. ஆகவே பூச்சி என்பதை வெட்டாதீர்கள்.

இரைப்பூச்சியும் எனக்கு உறுத்துகிறது. வயிற்றில் பூச்சி என்றால் கிராமத்தில் குடற்புழு. இரைப்பை, இரைப்பு நோய் எல்லாம் பக்கத்திலேயே நிற்கின்றன. என் அம்மாவிடம் இரைப்பூச்சி என்று சொல்லிப் பார்த்தேன். "பிள்ளைக்குப் பேதிக்குக் கொடு" என்றார்.

எழுதியவர்: மதுரைத் தமிழாசிரியர்

மருத்துவர் ஐயாவின் கருத்தை ஏற்கிறேன். ஆயினும் நோய்ப் பெயருக்கு அஞ்சிப் பூச்சியின் பெயரை விட்டுக்கொடுக்கலாகாது.

பச்சோந்தியே பச்சை ஓந்திதான். குறுந்தொகை 140-இல் கருக்கரிவாள் போன்ற முதுகுடைய ஓதியை, அதாவது ஓந்தியைப் பார்த்து வழிப்போக்கர் நிமித்தம் கொள்கிறார்கள். அந்த ஓதி ஓணானா பச்சோந்தியா என்று தனியாகவே பேச வேண்டும். கருக்கரிவாள் போன்ற முதுகு இரண்டுக்கும் பொருந்துகிறது. இந்த நாட்டில் இத்தனை காலம் பார்த்துப் பெயர் வைத்த உயிருக்கு உணவாகும் பூச்சிக்கு நாம் தீனி என்று பெயர் வைக்கப்போகிறோமா?

எழுதியவர்: லண்டன் தமிழ்ப் பள்ளி ஆசிரியை

ஐயா, ஓதியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தி அதைப் பார்த்து எழுதியிருக்கினம் என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சேர்க்கப் போகிறார்.

வகுப்பில் எல்லாச் சொற்களையும் பலகையில் எழுதினேன். உண்கரப்பானை ஒருவருக்கும் விளங்கவில்லை. இரைக்கரப்பானைத் தூண்டில் போடும் ஒரு பிள்ளை மட்டும் உடனே பிடித்துக்கொண்டார், மீனுக்கு இரை கோக்கிறவர். மற்றவர்கள் தீனிக்குக் கை தூக்கினார்கள். இன்னொரு தொல்லை, அரைவாசிப் பிள்ளைகளின் வீட்டில் அது கரப்பான் இல்லை, கரப்பொத்தான்.

எழுதியவர்: மதுரைத் தமிழாசிரியர்

கரப்பொத்தான்! கரப்பு, ஒத்தான். ஒளிவதை ஒத்தவன். என் துணிபுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எழுதியவர்: கோவை, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

சிங்களத்தில் கெரபொத்தா என்கிறார்கள் ஐயா. எது எதிலிருந்து போனது என்று அவ்வளவு எளிதாக முடிவுகட்ட முடியாது.

எழுதியவர்: லண்டன் தமிழ்ப் பள்ளி ஆசிரியை

அச்சகத்தார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இப்படிப் போட்டுவிட்டேன்: பொதுப்பெயர் இரைப்பூச்சி. துபியாவுக்குத் தீனிக் கரப்பான்பூச்சி. மூன்றாவதற்குக் கலைச்சொல்லே இல்லை, "கொடுப்பதற்கு முதல் நாள் பூச்சிக்கு நல்லாய்த் தின்னக் கொடுக்க வேணும்" என்று பிள்ளை எழுதிய வசனத்தையே விட்டுவிட்டேன். கால்சியம் வரி சேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

எழுதியவர்: திருநெல்வேலி, சித்த மருத்துவர்

பூச்சியை வெட்டாமல் விட்டதற்கு நன்றி அம்மா. இரைப்பூச்சியில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

எழுதியவர்: மதுரைத் தமிழாசிரியர்

பொதுப்பெயரில் இரை, சிறப்புப்பெயரில் தீனி. ஒரே கட்டுரையில் ஒரே கருத்துக்கு இரண்டு அடி. அடுத்த பதிப்பு வருமானால் உண்கரப்பானை மறுபடி எடுத்துப் பாருங்கள். சுவர்க்கோழியைப் பற்றியும் எழுத வேண்டும். சிலர் அதைச் சிள்வீடு என்று எழுதுகிறார்கள். சங்கப் பாட்டில் சிள்வீடு பாலை நிலத்து ஓமை மரத்தில் ஒட்டிக்கொண்டு கத்துவது, வீட்டுச் சுவரில் இருப்பதல்ல. நாளை விரிவாக எழுதுகிறேன்.