'பாண்டி' என்று அழைத்தால் சிரிப்பதா, மறுப்பதா?

லாஸ்பேட்டையார் (கேள்வி):

புதுச்சேரி அரசுப் பணியில் இருக்கும் நான், கேரளக் கரையில் இருக்கும் புதுச்சேரிப் பகுதியான மாஹேக்கு இடமாறுதலில் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. எந்த ஊர் என்று யார் கேட்டாலும் 'பாண்டி' என்று சொல்லியே பழகிய வாய் இது. 2006இல் பெயர் புதுச்சேரி என்று மாறிய பிறகும் பேருந்து நடத்துநர்கள் கூவுவது 'பாண்டி, பாண்டி' என்றுதானே. இங்கு வந்த முதல் வாரம் அப்படிச் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மலையாளத்தில் அது, பாண்டிய நாட்டிலிருந்து வந்தவன் என்ற பழைய பொருள் தேய்ந்து, தமிழரை இளப்பமாகச் சுட்டும் சொல்லாகிவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. உடன் பணிபுரியும் நண்பர் அந்தப் பெயரால் அழைக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. மீன் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் அதையே சொன்னபோது உடம்பு கூசிப்போயிற்று. நாடு விட்டு நாடு போய் வாழும் அன்பர்கள், எது கேலி, எது இழிவு என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

முதுநகர்க்காரன்:

ஐயா, கடலூர் முதுநகரில் பிறந்து பதினான்கு ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். இங்கு இங்கிலாந்துக்காரர்களைப் 'பொம்மி' என்பார்கள். மாதுளம்பழத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்த சொல் அது என்பதே அகராதிகள் பெரிதும் ஏற்கும் விளக்கம்; கைதிகளோடு முடிச்சுப் போடும் இன்னொரு விளக்கம் பின்னால் கட்டிய கதை. என் மேலாளர் இங்கிலாந்தில் பிறந்தவர். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார், பதிலுக்கு ஏதாவது சொல்லவும் செய்வார். ஆனால் அலுவலக உணவின் தரத்தைப் பற்றி அவர் முறையிட்டபோது, 'புலம்பும் பொம்மி' என்று ஒருவர் சொல்ல, அன்று அவருடைய முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். சொல்ல வந்த குறையையே செல்லாததாக்க அந்தப் பெயர் பயன்பட்டது என்பதுதான் அவருடைய வருத்தம் என்று நினைக்கிறேன். நியூசிலாந்துக்காரர்களின் நிலை வேறு. அவர்களே தங்களைக் 'கிவி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். தங்கள் நாட்டுப் பறவையின் பெயர் என்பதால் அதில் அவர்களுக்குப் பெருமைதான்.

சொல்லைச் சுருக்குவதாலேயே அது வசையாகிவிடாது. 'ஆஸி' என்பதும் சுருக்கம், பிரிட்டனில் பாகிஸ்தானியரைச் சுட்டும் 'பாக்கி' என்பதும் சுருக்கம். ஆனால் பின்னது 1960களிலும் 70களிலும் தெருவில் ஆட்களைத் துரத்தி அடித்தவர்களின் வாயில் இருந்த சொல். அடித்தவர்கள் கடவுச்சீட்டைப் பார்த்து அடிக்கவில்லை; இந்தியர்களும் வங்காளதேசத்தவரும் அந்தப் பெயரையும் அடியையும் சேர்த்தே வாங்கினார்கள். அதைக் கேலியாகச் சொன்னேன் என்று இன்று யார் சொன்னாலும் கேட்பவருக்குக் கேலியாகப் படாது.

குருசுக்குப்பம்:

எங்கள் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர். எங்கள் வீடு இன்றும் தெருவில் 'சொல்தா வீடு'தான். போர்வீரரைக் குறிக்கும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லில் பாதி மரியாதையும், வெளிநாட்டு ஓய்வூதியத்தின் மீதான பொறாமை பாதியும் இருந்தன என்பது சிறு வயதிலேயே எனக்குத் தெரியும். அதே தாத்தாவின் பேரன், என் அத்தை மகன், பாரிஸில் வளர்ந்தவன். அங்கு அவனைப் பார்ப்பவர்கள் பாகிஸ்தானியா, இலங்கையா என்றுதான் கேட்கிறார்களாம். மூன்று தலைமுறைப் பிரெஞ்சுக் குடியுரிமை முகத்தில் எழுதியிருக்காது அல்லவா!

சொல் இடத்துக்கு இடம் மாறுவதற்கு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் பகுதியாக இருக்கும் ரீயூனியன் தீவை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1848இல் அங்கு அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களை 'மலபார்' என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். மலபார்க் கரையையே பார்த்திராதவர்கள். ஐரோப்பியர் தமிழையே மலபார் மொழி என்று எழுதிவந்த காலத்தின் எச்சம் அது. இன்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் தங்களை அதே பெயரால் கூச்சமின்றி அழைத்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தீவான மொரீஷியஸிலோ அதே சொல் வட இந்திய வழி வந்த இந்துக்களைச் சுட்டுகிறது, அதுவும் பெரும்பாலும் இழிவாக. ஆகவே, ஐயா, உங்கள் 'பாண்டி' நம் பேருந்து நிலையத்தில் ஒன்றாகவும் மாஹே மீன் சந்தையில் வேறாகவும் இருப்பதில் வியப்பில்லை. நண்பரிடம் நீங்கள் பதிலுக்கு ஒரு பெயர் சொல்ல முடியும், நிறுத்து என்றால் அவர் நிறுத்துவார். சந்தையில் அந்த இரண்டுமே உங்களுக்கு இல்லை.

பரங்கிப்பேட்டைவாசி:

மலேசியாவில் நம்மவர்களைக் 'கெலிங்' என்பது கலிங்கத்திலிருந்து வந்த பெயர். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதை இன்னும் மதிப்போடு தாங்கி நிற்க, தெருவில் அது சண்டைக்கு இழுக்கும் சொல்லாகிவிட்டது.

நம் கணக்கையும் பார்க்க வேண்டும். போர்த்துகீசியரைப் பரங்கி என்றோம். அது என் ஊர்ப் பெயராயிற்று, காய்க்குப் பெயராயிற்று, பரங்கிப்புண் என்று நோய்க்கும் பெயராயிற்று. கடலூர் சிப்காட் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளை 'வடக்கன்' என்று கூப்பிடுகிறார்கள். திசையைத்தானே சொல்கிறோம் என்று ஒரு மேஸ்திரி என்னிடம் வாதாடினார். குருசுக்குப்பத்து அன்பர் சொன்ன இரண்டும் அந்தப் பிள்ளைகளுக்கும் இல்லை என்பதை அவரிடம் எப்படி விளக்குவது?

லாஸ்பேட்டையார்:

அனைவருக்கும் நன்றி. நேற்று அந்த நண்பரிடம் நேராகவே கேட்டேன். அவர் மறுக்கவில்லை. இனி ஊர்ப் பெயரை முழுதாகவே சொல்கிறேன் என்றவர், பிறகு சற்றுத் தயங்கி, மூன்று ஆண்டுகள் புதுச்சேரி அலுவலகத்தில் இருந்தபோது தம்மை எல்லாரும் 'மல்லு' என்றே அழைத்ததாகவும், ஒரு நாளும் அது தமக்குப் பிடித்ததில்லை என்றும் சொன்னார். அந்த அலுவலகத்தில் அப்போது நானும் இருந்தேன்.