அண்ணாவின் மாநிலங்களவைப் பேச்சுகள்: கன்னிப் பேச்சைத் தாண்டி எதைப் படிப்பது?

வந்தவாசி வாசகி:

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும். இந்த மாதம் என் முறை. வாயைக் கொடுத்து நானே வாங்கிக்கொண்ட தலைப்பு ‘மாநிலங்களவையில் அண்ணா’.

1962 மே 1 அன்று அவர் ஆற்றிய கன்னிப் பேச்சை மட்டும் படித்திருக்கிறேன். திராவிட இனத்தவன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன், அதற்காக வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ நான் எதிரியில்லை என்று சொல்லி ராபர்ட் பர்ன்ஸ் கவிதை வரி ஒன்றை எடுத்துக்காட்டுவாரே, அந்தப் பேச்சு. எங்கள் வட்டத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் அதைப் பேசிவிட்டார்கள். மீதி எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் காக்கை, மயில், எலி, புலி வாசகங்கள்தான்: பெரும்பான்மை பேசுவதால் இந்தி என்றால், எண்ணிக்கையில் மிகுந்த காக்கைதானே மயிலுக்குப் பதில் தேசியப் பறவை, எலிதானே புலிக்குப் பதில் தேசிய விலங்கு என்று அண்ணா கேட்டதாகச் சுற்றுபவை. ஐந்து ஆண்டு அந்த அவையில் இருந்தவர் வேறு என்ன பேசினார்? பத்து நிமிடத்துக்குள் அடங்கும்படி ஒன்று சொல்லுங்களேன்.

காஞ்சித் தறி:

சகோதரி, மூன்றாவது முறையும் அதையே பேசுங்கள், கேட்கிறவர்களுக்கு அலுக்காது. சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே சட்டமன்றத் தேர்தலில் தோற்று, சில வாரங்களில் தில்லிக்குப் போய் அப்படி ஒரு பேச்சு! அதைச் சொன்னாலே ஐந்து நிமிடம் ஓடிவிடும். காக்கை, மயிலை விட்டுவிடாதீர்கள். கைதட்டல் அங்கேதான்.

பழைய சுருக்கெழுத்தர்:

அம்மா, நான் முப்பத்தொரு ஆண்டு பிறர் பேசியதை எழுதியே பிழைத்தவன். மாநிலச் சட்டமன்றத்தில் வேலை, தில்லியில் அல்ல. ஆனாலும் அச்சான அவைக்குறிப்பைப் பார்த்தால் எழுதியவரின் பென்சில் எங்கே ஓடியது, எங்கே திணறியது என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் காக்கையை விரட்டிவிடுகிறேன். மயில் நம் தேசியப் பறவையானது 1963இல். புலி தேசிய விலங்கானது எழுபதுகளில். ‘1962’ என்று கீழே போட்டுக்கொண்டு புலியும் எலியுமாக ஒரு வாசகம் சுற்றினால், ஆண்டோ வாசகமோ ஏதோ ஒன்று பிசகு. அவைப் பேச்சு என்றால் அதற்கு நாளும் பக்கமும் உண்டு. நாளும் பக்கமும் இல்லாத மேற்கோளை மேடையில் சொல்லாதீர்கள். காஞ்சித் தறி கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது உங்கள் கேள்வி. அண்ணாவைத் தனி உரையாகப் படிக்காதீர்கள், குறுக்கீடுகளோடு படியுங்கள். மேடைக்காகத் தொகுக்கிறவர்கள் முதலில் வெட்டி எறிவது குறுக்கீடுகளைத்தான். எங்கள் தொழிலில் அதுதான் உயிர் போகும் இடம். ஒருவர் எழுந்து கேட்டால் பெயர் போட்டு எழுதிவிடலாம். நான்கு பேர் சேர்ந்து எழுந்தால் அடைப்புக்குறிக்குள் ‘குறுக்கீடுகள்’ என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சும். அண்ணாவுக்கு அது தொந்தரவே இல்லை. எதிராளி தூக்கிப் போட்ட கல்லை எடுத்து அதிலேயே படி கட்டுகிற ஆள் அவர்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1963இல் நடந்த பெயர் மாற்ற விவாதம். மேற்கு வங்கத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா ‘மதராஸ் மாநிலம்’ என்பதைத் ‘தமிழ்நாடு’ என்று மாற்றத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். (தமிழ்நாட்டுக்குப் பெயர் கேட்டு மசோதா போட்டவர் ஒரு வங்காளி. உங்கள் வட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.) இதே கோரிக்கையை முதன்மையாக வைத்து உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உயிர்விட்டிருந்தார். அண்ணா மசோதாவை ஆதரித்து எழுந்தார்.

அவையில் எழுந்த கேள்விகள் இரண்டு. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எந்த இலக்கியத்தில் இருக்கிறது என்பது ஒன்று. பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று அண்ணா அடுக்கினார். ‘இமிழ்கடல் வேலித் தமிழகம்’ என்ற பதிற்றுப்பத்துப் பதிக வரியைத் தமிழே தெரியாதவர்கள் நிறைந்த அவையில் ஒலிக்கவிடுவது என்றால் சும்மாவா? அங்கே பென்சில் பிடித்திருந்த ஆங்கிலச் சுருக்கெழுத்தரை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது. பிட்மன் சுருக்கெழுத்துக் கோடுகளில் ழகரத்துக்கு அவர் எங்கே போவார்? எங்கள் பிரிவில் இப்படி ஏதாவது வந்தால், அவை முடிந்ததும் உறுப்பினரைத் தேடிப் போய் வரியை எழுதி வாங்கிக்கொள்வோம்.

இரண்டாவது கேள்வி, பெயரை மாற்றுவதால் என்ன லாபம் என்பது. வழக்கமான பேச்சாளராக இருந்தால் தமிழின் தொன்மை, தாய்மண் என்று கண்ணீரில் இறங்கியிருப்பார். அண்ணா கேள்வியைத் திருப்பிப் போட்டார். நாடாளுமன்றத்தை லோக்சபை என்று அழைத்து என்ன லாபம் கண்டீர்கள்? மாநிலங்களின் மன்றத்தை ராஜ்யசபை ஆக்கி என்ன கண்டீர்கள்? பிரசிடென்ட்டை ராஷ்டிரபதி ஆக்கி? இதை நீங்கள் அப்படியே வாசித்தாலும் சிரிப்பு வரும். ஆனால் ஆண்டுக் கணக்கைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். அந்த அவைக்கு ‘ராஜ்யசபை’ என்று பெயர் வந்தது 1954 ஆகஸ்டில். ஒன்பதே ஆண்டு! எதிரே இருந்த மூத்த உறுப்பினர்களில் சிலர் அந்த இரண்டு பெயர்களின் கீழும் உட்கார்ந்தவர்கள். என்ன லாபம் என்று அவர்களிடமே கேட்டால் எப்படிப் பதில் வரும்? உணர்வுக்குக் கிடைக்கிற நிறைவுதான் லாபம் என்று அண்ணாவே அவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டார்.

இன்னொன்று, தொழில்காரன் கண்ணுக்கு மட்டும் படுவது. அவைக்குறிப்பில் ஓர் உறுப்பினர் பேச எழுந்தால், பெயரையடுத்து அடைப்புக்குறிக்குள் அவருடைய மாநிலத்தின் பெயரைப் போடுவது மரபு. ஆகவே ‘எங்கள் மாநிலத்தை மதராஸ் என்று அழைக்காதீர்கள்’ என்று வாதாடியவரின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘மதராஸ்’ என்று அச்சாகும்.

எதிர் வரிசை:

எல்லாம் சரி ஐயா. ஆனால் அந்த மசோதா தோற்றது. அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தை எதிர்த்துப் பேசினார், அது நிறைவேறியது. 1963 ஆட்சிமொழிச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார், அதுவும் நிறைவேறியது. மூன்றிலும் தோல்வி. சாமர்த்தியமாகப் பேசித் தோற்பதைப் ‘பங்களிப்பு’ என்று சொல்லலாமா?

பழைய சுருக்கெழுத்தர்:

கேட்க வேண்டிய கேள்விதான். பேச்சினால்தான் சட்டம் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்சிமொழி விஷயத்தில் தில்லியை அசைத்தது 1965இல் இங்கே மாணவர்கள் தெருவில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் 1967 திருத்தம்.

ஆனால் 1963 விவாதத்தில் அவர் எதைப் பிடித்துக்கொண்டார் என்று பாருங்கள். 1965 ஜனவரி 26க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது மசோதா. ‘பயன்படுத்தப்படும்’ அல்ல, ‘படலாம்’. ஆங்கிலத்தில் ‘ஷல்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மே’. தமிழில் சொன்னால் ‘லாம்’ என்ற இரண்டெழுத்து. ஒரு மொழியின் எதிர்காலத்தை இந்த இரண்டெழுத்தின் மேல் நிறுத்தி வைக்க முடியாது என்பதுதான் தி.மு.க.வின் வாதம். அண்ணா அதற்கு மேலும் ஒரு படி போனார். ஆங்கிலம் தொடர்ந்தால் வசதியும் சிரமமும் எல்லோருக்கும் சமமாகப் பங்காகும், இந்தி மட்டும் என்றால் ஒரு சாராருக்கு அது தாய்மொழி, மற்றவர்களுக்குப் பாடம் என்றார். இந்தி இழிந்த மொழி, ஆங்கிலம் உயர்ந்த மொழி என்ற பேச்சே இல்லை. ரேஷன் கடையில் நின்று நியாயம் கேட்பது போலப் பங்கீட்டுக் கணக்காகவே வைத்தார். அந்தக் கணக்கு இன்றும் தீரவில்லை.

16ஆவது திருத்தம் பற்றிய 1963 ஜனவரி உரையை மட்டும் பத்து நிமிடத்தில் அடக்கப் பார்க்காதீர்கள் அம்மா. தேர்தலில் நிற்பவர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற திருத்தம் அது. சீனப் போர் வந்ததும் அரசுக்குத் துணை நிற்போம் என்று சொல்லிவிட்ட ஒருவர், தன் கட்சியைக் குறிவைத்து வருகிற திருத்தத்தை எதிர்த்து எழுகிறார். எட்டு மாதம் முன்பு இதே அவையில், அந்தக் கன்னிப் பேச்சில், திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டவர். அந்த உரையில் அண்ணா கயிற்றின் மேல் நடக்கிறார். அதற்குத் தனியாக ஒரு மாதம் கேளுங்கள்.

பெயர் மாற்றம் என்ன ஆனது என்றும் எதிர் வரிசைக்குச் சொல்லிவிடுகிறேன். 1967இல் அண்ணா முதலமைச்சரானார். அந்த ஆண்டு ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. மறு ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதாவது, என்ன லாபம் என்று கேட்ட அதே அவை. 1969 ஜனவரி 14, பொங்கலன்று ‘தமிழ்நாடு’ நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3 அன்று அண்ணா இல்லை.

காஞ்சித் தறி:

புலியை விட்டுவிடுகிறேன் ஐயா. காக்கையை மட்டுமாவது…

பழைய சுருக்கெழுத்தர்:

நாளும் பக்கமும் கொண்டுவாருங்கள், காக்கைக்குச் சோறு வைக்கிறேன்.

வந்தவாசி வாசகி:

மிக்க நன்றி ஐயா. பெயர் மாற்ற விவாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். பழைய விவாதங்கள் மாநிலங்களவையின் இணையதளத்தில் கிடைக்கின்றன, அந்த நாளுக்குரிய பக்கங்களை அச்செடுத்துவிடுவேன். நான் மட்டும் வாசித்தால் நீங்கள் சொன்ன குறுக்கீடு செத்துவிடும் என்று தோன்றுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகனை வாசகர்களுக்கு நடுவே உட்காரவைத்து, இடையிடையே எழுந்து கேள்விகளை வாசிக்கச் சொல்லலாமா? வீட்டில் அவன் செய்வதே அதுதான்.

பழைய சுருக்கெழுத்தர்:

தாராளமாக. நீங்கள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவன் எழ வேண்டும், முடித்த பிறகு எழுந்தால் அது குறுக்கீடு ஆகாது. தொடங்கும்போது பெயரையும் அடைப்புக்குறியையும் சேர்த்தே வாசியுங்கள்: ‘திரு. சி. என். அண்ணாதுரை, மதராஸ்’. வாசித்துவிட்டு ஒரு நொடி நிறுத்துங்கள்.